பெட்டி வைத்த பெயர்

எங்கள் குடும்பத்தைப் போல் பெருகிய குடும்பம் ஸ்பெயினின் இந்தக் கலீசியாவில் இல்லை. பிரபுக்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு பிள்ளை பிறந்தால் பெரிய விஷயம். எங்கள் வீட்டுக்கு மாதத்துக்குப் பத்துப் பதினைந்து வரும். எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர், எஸ்போசித்தோ. கல் உடைப்பவன் எஸ்போசித்தோ, பட்டாளத்தில் செத்தவன் எஸ்போசித்தோ, ஹவானாவில் புகையிலைக் கடை வைத்துப் பணக்காரனானவனும் எஸ்போசித்தோ. ஆற்றின் மறுகரையில், போர்ச்சுக்கல்காரர்களிடம், அதே பெயர் எஷ்போஷ்து ஆகிவிடும். அங்கேயும் அது ஆயிரக்கணக்கில் உண்டு. சந்தையில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் போதும், எதிரில் நிற்பவன் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வான். பெயருக்கு அர்த்தம், வெளியே வைக்கப்பட்டது. யாரால் என்று பெயர் சொல்லாது.

நான் பெனித்தா எஸ்போசித்தோ. நாற்பத்தேழு வயது. இந்த அநாதைப் பிள்ளைகள் வீட்டின் தெருச்சுவரில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. பீப்பாய் மாதிரி உருண்டையாக, நடுவில் அச்சு, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. தெருவில் நிற்பவள் பிள்ளையை உள்ளே வைத்து, மணிக்கயிற்றை இழுத்துவிட்டுப் பெட்டியைத் திருப்புவாள். இந்தப் பக்கம் நான் எடுத்துக்கொள்வேன். அவள் முகத்தை நான் பார்க்க முடியாது, என் முகத்தை அவள் பார்க்க முடியாது. அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். நானும் அதில்தான் வந்தேன். பெட்டியின் உள்பக்கத்துக்கு வந்தவள், நாற்பத்தேழு வருடமாக உள்பக்கத்திலேயே இருக்கிறேன்.

இங்கேயே வளர்ந்த பெண்களுக்கு வெளியே போக ஒரே வழிதான் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவில் வயதுக்கு வந்த பெண்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போவார்கள். கல்யாணத்துக்குப் பெண் வேண்டும் என்கிற ஆள், பிடித்தவள் முன்னால் கைக்குட்டையைப் போடுவான். ஏழு வருடம் நடந்தேன். ஒரு கைக்குட்டை விழுந்தது. அது காற்றில் பறந்து வந்தது, பின்னால் இருந்தவளுக்குப் போட்டதாம். எட்டாவது வருடம் என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

பெட்டிக்காரியின் வேலை இது. பிள்ளையை எடுத்துத் துணியைப் பிரித்து, ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும். கழுத்தில் ஒரு கயிறு கட்டி, அதில் நம்பர் போட்ட ஈய வில்லையைக் கோத்து, குறடால் நசுக்க வேண்டும். ஏழு வயதுவரை அந்தக் கயிறு கழுத்தை விட்டு வராது. அன்றைய புனிதரின் பெயர் பிள்ளைக்கு, பின்னால் எஸ்போசித்தோ. துணியில் அடையாளம் ஏதாவது வைத்திருந்தால், பாதியாய் வெட்டிய படமோ ரிப்பனோ, அதை எடுத்து வைக்க வேண்டும். காலைத் திருப்பலி முடிந்து வீட்டு மேலாளரான சாமி தோன் எலாடியோ வந்து, எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதி, அடையாளத்தை அந்தப் பக்கத்திலேயே ஊசியால் தைத்துவிடுவார். மீதிப் பாதியோடு தாய் வந்தால் பொருத்திப் பார்ப்பதற்காக.

என் பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். சாமியின் அறையைத் துடைக்கும்போது திருட்டுத்தனமாய்ப் புரட்டினேன். குறுக்கே வெட்டிய ஒரு விளையாட்டுச் சீட்டு, கோப்பைப் படம் போட்டது, கோப்பை ஏழு. ஒரு துண்டுக் காகிதம், ‘திரும்பி வருவேன், அவளை யாருக்கும் கொடுக்காதீர்கள்’. எனக்கு முன்னால் பெட்டியில் இருந்த கிழவி ரமோனாவிடம் கேட்டேன். "யாராவது என்னைத் தேடி வந்தாங்களா?" அவள் சூப்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள், "யாரும் வரல. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாளுங்க, ஒருத்தியும் வரமாட்டா." அன்றிலிருந்து என் தாயை நான் வெறுத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. வேறு யாரை வெறுக்க எனக்கு இருந்தார்கள்?

பிப்ரவரி முதல் தேதி, சனிக்கிழமை, ஒரு பெண்குழந்தை வந்தது. அன்று புனித பிரிகிதா நாள், அதனால் பிரிகிதா எஸ்போசித்தோ. நம்பர் முந்நூற்றுப் பதினெட்டு. பாதியாய் வெட்டிய மாதா படம். துணி மறுகரைப் பெண்கள் சுற்றுகிற மாதிரி சுற்றியிருந்தது, நெஞ்சில் குறுக்கே மடித்து இடது தோளில் இரட்டை முடிச்சு. போர்ச்சுக்கல் பக்கத்தில் இப்படிப்பட்ட பெட்டிகளை மூடிவிட்டார்கள். அதனால் அங்கிருப்பவர்கள் படகேறி எங்களிடம் வருவார்கள், முடிச்சைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

திங்கட்கிழமை மூடுபனியில் ஒரு பெண் வாசலில் நின்றாள். தியோலிந்தா என்று பெயர். இருபது வயதுகூட இருக்காது. பிள்ளை செத்துப் பிறந்தது, பால் இருக்கிறது, பாலூட்டும் வேலை வேண்டும் என்றாள். தோன் எலாடியோ ஒரு சொட்டுப் பாலைக் கட்டைவிரல் நகத்தில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். வழியாமல் நின்றது. பதினேழு பிள்ளைகளுக்கு நாலே பாலூட்டிகள் இருந்த நேரம், உடனே எடுத்துக்கொண்டார்.

இந்த யோசனை எப்போதும் வருவதுதான். பிள்ளையைப் பெட்டியில் வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாலூட்டியாய் உள்ளே வந்து, தன் பிள்ளைக்கே பால் கொடுக்கலாம், சாப்பாடும் கிடைக்கும், ஊருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தியும் தனக்குத்தான் முதலில் தோன்றியது என்று நினைத்துக்கொண்டு வருவாள். அதற்காகவே இங்கே ஒரு விதி இருக்கிறது. புதிதாய் வந்த பாலூட்டிக்குப் புதிதாய் வந்த பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. தியோலிந்தாவுக்கு மூன்று கொடுத்தார்கள், மூன்றும் ஆண்பிள்ளைகள், மூன்றும் கிறிஸ்துமஸுக்கு முந்தி வந்தவை. முந்நூற்றுப் பதினெட்டாம் பிள்ளை, பாலூட்டும் அறையின் மறுகோடியில், சளிபிடித்த ஒருத்தியின் மடியில் கிடந்தது.

அன்று சாயங்காலம் துணி எடுக்கப் போனேன். தியோலிந்தா ஒரு பையனைச் சுற்றிக்கொண்டிருந்தாள். குறுக்கே மடித்து, இடது தோளில் இரட்டை முடிச்சு. கை தானாக அதைச் செய்துகொண்டிருக்க, கண் அறையின் மறுகோடியில் இருந்தது. ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

"எதைப் பாக்குற?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அத்தை. அங்க ஒண்ணு அழுதுச்சு."

"இங்க பதினேழு அழுவுது. உனக்கு மட்டும் அது எப்படித் தனியா கேட்டுச்சு?"

அவள் பையனை இறக்கி வைத்துவிட்டு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். மாதா படத்தின் மறுபாதியை உள்சட்டையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"அதை உள்ள வை. யாராவது பாத்தா தொலைஞ்ச. அதைக் கொண்டுபோய் சாமிகிட்ட காட்டிப் பிள்ளையைக் கேட்க வேண்டியதுதானே?"

"அவரு எங்க ஊர் சாமியாருக்குக் கடிதாசி எழுதுவாராமே. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு. சும்மா சொல்லல அத்தை, எங்க பெரியம்மா மகளை ஆத்துல தள்ளினவரு."

"அப்போ இங்கயே இரு. பக்கத்துல வெச்சுப் பாத்துக்கிட்டாவது இருக்கலாம்."

"வியாழக்கிழமை அவளை மலைக்குக் கொடுக்கப் போறாங்கன்னு சொல்றாங்களே."

உண்மைதான். வியாழன் சந்தை நாள். மலைக்கிராமங்களிலிருந்து பெண்கள் வந்து ஆளுக்கொரு பிள்ளையை வாங்கிப்போவார்கள். எந்த ஊர், யார் வீடு என்பது பேரேட்டில் மட்டும் இருக்கும், பாலூட்டிகளுக்குச் சொல்வதில்லை. முந்நூற்றுப் பதினெட்டை லாமாஸ் ஊர் ஷோசெஃபாவுக்கு என்று சாமி குறித்து வைத்திருந்தார். அங்கே பனிக்காலத்தில் போகிற பத்தில் நாலு திரும்பாது.

"அவ பேரு என்ன அத்தை? இங்க வெச்ச பேரு."

"பிரிகிதா எஸ்போசித்தோ."

"ரெண்டாவது வேணாம்" என்றாள். "எங்க ஊர்ல ஒருத்தன் இருந்தான், அந்தப் பேருக்காரன். நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப அவன் பின்னாடியே போய்க் கத்துவோம், பெட்டி, பெட்டின்னு. நானுந்தான் கத்துனேன். அவளுக்கு அது வேணாம் அத்தை."

எனக்குக் கோபம் வந்தது. "எனக்கும் அந்தப் பேருதான்டி. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் தலைத்துணி, என் இடுப்புக் குறடு, நான் நின்றுகொண்டிருந்த சுவர். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளை அப்போதே சாமியிடம் இழுத்துப்போயிருப்பேன். இரவெல்லாம் அந்தப் பார்வை என்னைத் தூங்கவிடவில்லை. இந்த வீட்டுக்கு வந்த ஆயிரம் தாய்மார்களில், பிள்ளை பின்னாலேயே உள்ளே வந்த ஒருத்தியையாவது நான் காப்பாற்றாவிட்டால், கிழவி ரமோனாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

செவ்வாய்க்கிழமை காலை அவளிடம் சொன்னேன். "நெஞ்சு கட்டியிருக்கு, ஜுரம் அடிக்குதுன்னு சாமிகிட்ட சொல்லு. அவரு பாவத்தைவிட ஜுரத்துக்குத்தான் அதிகமா பயப்படுவாரு. இன்னிக்கே வெளிய தள்ளுவாரு. நாளைக்குப் புனித ஆகத்தா திருநாள், பாலூட்டிங்களோட புனிதை. எல்லாரும் கோயில்ல இருப்பாங்க, பெட்டிக்காரிக்கு மட்டும் திருப்பலி கிடையாது. கோயில் மணி அடிச்சதும் தெருவுல, பெட்டிக்குக் கீழ வந்து நில்லு."

"பெட்டியிலயா?"

"உள்ள வந்த வழியிலயே வெளிய போகட்டும்."

"அப்புறம் வில்லை? நம்பர்?"

அதுதான் சிக்கல். வியாழக்கிழமை சாமி ஒவ்வொரு கழுத்தையும் பேரேட்டோடு ஒப்பிடுவார். முகத்தைப் பார்க்க மாட்டார், நம்பரைப் பார்ப்பார். பேரேட்டில் முந்நூற்றுப் பதினெட்டு இருந்தால், அந்த வில்லை ஒரு பெண்குழந்தையின் கழுத்தில் இருக்க வேண்டும்.

"நாளைக்குள்ள இன்னொரு பொண்ணு பெட்டிக்கு வரணும்" என்றேன். "வந்தா, சாமி எழுதறதுக்கு முந்தி உன் பொண்ணோட வில்லை அது கழுத்துக்குப் போயிடும். வரலேன்னா உன் பொண்ணு மலைக்குத்தான். வேண்டிக்கோ."

யாரோ ஒருத்தி தன் பிள்ளையை விட வேண்டும் என்று வேண்டச் சொல்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கும்தான்.

நான் சொன்னபடியே மத்தியானம் அவளைத் துரத்தினார்கள். செவ்வாய் மாலை மணி அடித்தது. ஓடிப்போய்த் துணியைப் பிரித்தேன், பையன். அவனைத் திட்டிக்கொண்டே வில்லை போட்டேன், பாவம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. மணிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதுவரை அந்த மணி அடிக்கக் கூடாது என்று பலநாள் நினைத்திருக்கிறேன், அடிக்க வேண்டும் என்று ஏங்கியது அந்த ஒரு நாள்தான்.

புதன்கிழமை, வெளுக்கிற நேரத்தில் அடித்தது. பெண். நல்ல கனம், கன்னத்தில் ரத்தம் இருந்தது. பால் குடித்துவிட்டே வந்திருந்தாள். வேலைப்பாடு செய்த ஒற்றை வெள்ளித் தோடு துணியில் முடிந்திருந்தது, கூடவே ஒரு காகிதம். ‘மிகேலா, ஞானஸ்நானம் ஆகிவிட்டது. திராட்சை அறுவடை முடிந்ததும் வருவேன். ஜோடித் தோடு என்னிடம் இருக்கிறது.’

இரண்டு தடவை படித்தேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாளுங்க என்று வாய்விட்டுச் சொன்னேன். குரல் எனக்கே ரமோனாவின் குரல் மாதிரி கேட்டது. கவனிக்க நேரமில்லை, கோயில் மணி அடித்துவிட்டது.

அறையில் ஆளில்லை. தியோலிந்தாவின் பிள்ளையைத் தூக்கி வந்தேன். கயிற்றை அறுத்தேன். கத்திமுனையால் வில்லையை மெதுவாகப் பிளந்தேன். ஈயம் மிருதுவானது, ஒரே ஒரு தரம் விட்டுக்கொடுக்கும், இரண்டாம் தரம் உடைந்துவிடும். புதுக்கயிற்றில் கோத்து மிகேலாவின் கழுத்தில் கட்டிக் குறடால் நசுக்கினேன். அவள் அழவில்லை. பெரிய கண்ணை வைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், மிகேலா என்று ஒருத்தி வரவே இல்லை. பிரிகிதா எஸ்போசித்தோ, நம்பர் முந்நூற்றுப் பதினெட்டு, பாதி மாதா படம். அவளைத் தூக்கிப்போய்ச் சளிக்காரியின் தொட்டிலில் போட்டேன். சளிக்காரியும் முகம் பார்க்கிறவள் இல்லை, கழுத்து நம்பரைப் பார்த்துத்தான் பிள்ளையை எடுப்பாள்.

பிறகு பெட்டியில் மற்றதை வைத்தேன். பெயர் இல்லாத ஒரு பிள்ளை, கழுத்தில் ஒன்றும் இல்லாத ஒரு பிள்ளை. பெட்டியைத் தள்ளினேன். இருபத்தாறு வருடம் உள்ளே நிரம்பி வந்து வெளியே காலியாகப் போன பெட்டி அது, அன்று எதிர்ப்பக்கமாகக் கனத்தது.

"அத்தை" என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "அத்தை, இவ என்னைப் பாத்துச் சிரிக்கிறா."

"நாலு நாள் பிள்ளை சிரிக்காதுடி. போய்த் தொலை. எங்க போவ?"

"போர்த்தோவுக்கு. வெதவைன்னு சொல்லிக்குவேன்."

"சொல்லிக்கோ. என்னைப் பத்தி யார்கிட்டயும் சொல்லாத."

காலடிச் சத்தம் ஆற்றுப்பக்கம் இறங்கிப்போனது. நான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். வியாழக்கிழமை தோன் எலாடியோ முந்நூற்றுப் பதினெட்டைச் சரிபார்த்து, "நல்லா தேறிடுச்சே" என்று சொல்லி ஷோசெஃபாவின் கூடையில் வைத்தார். தோட்டையும் காகிதத்தையும் எரித்திருக்க வேண்டும். காகிதத்தை எரித்தேன். தோடு வெள்ளி, எரியாது. என் பாவாடை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில், ஒரு மத்தியானம், மணி அடிக்கவில்லை. யாரோ விரல்நுனியால் பெட்டியைத் தட்டினார்கள். வெட்கப்படுகிறவர்கள் சாமியிடம் போவதற்கு முன்னால் இப்படித்தான் பெட்டியிடம் கேட்பார்கள்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு."

"என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். புனித ஆகத்தா அன்னிக்கு விடியக்காலை விட்டுட்டுப் போனேன். மிகேலான்னு பேரு. ஒத்தைத் தோடு வெச்சிருந்தேன். அவங்கப்பா என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. வண்டியோட மூலையில நிக்கிறாரு."

என் கை தானாகப் பாவாடை ஓரத்துக்குப் போனது. உண்மையைச் சொன்னால் வில்லை மாற்றியது வெளியே வரும். போர்த்தோவில் தேடுவார்கள். என்னை இந்த வயதில் தெருவில் விடுவார்கள். தெருவில் எப்படிப் பிழைப்பது என்றே எனக்குத் தெரியாது.

"அப்படி யாரும் வரல" என்றேன்.

"நல்லா பாருங்கம்மா. புதன்கிழமை."

"அந்த வாரம் வந்தது ஒரு பையன். தேதியைத் தப்பா சொல்ற."

"பெத்தவ தேதியைத் தப்பா சொல்லுவாளா?" அவள் கோபப்படவில்லை. "செத்துட்டாளா? செத்திருந்தாலும் சொல்லிடுங்க. நான் கத்த மாட்டேன்."

"வரவே இல்லன்னு சொல்றேனே."

அவள் மூச்சு கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

வரவே இல்லை. அதைச் சொன்ன வாயோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கோப்பை ஏழு சீட்டு ஞாபகத்துக்கு வந்தது. யாரும் வரவில்லை என்று எனக்குச் சொன்னது யார்? இதே முக்காலியில் உட்கார்ந்திருந்தவள். நான் கேட்டபோது அவள் சூப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. என் தாய் இந்தப் பெட்டியைத் தட்டினாளா, எத்தனை தடவை தட்டினாள், ரமோனா எந்த வில்லைக்காக அவளைத் திருப்பி அனுப்பினாள், இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருடம் ஒருத்தியை வெறுத்திருக்கிறேன், ஒரு பெட்டிக்காரியின் வார்த்தையை நம்பி.

பல்லால் தையலைப் பிய்த்துத் தோட்டை எடுத்தேன். பெட்டியில் வைத்துத் தெருப்பக்கம் திருப்பினேன். "லாமாஸ்" என்று கத்தினேன். "லாமாஸ் ஊர், ஷோசெஃபா வீடு. கழுத்துல முந்நூத்திப் பதினெட்டு இருக்கும். பிரிகிதா எஸ்போசித்தோன்னு கூப்பிடுவாங்க. அது அவ பேரு இல்ல. அவளைக் கேளு. கேக்குதா?"

மூலையில் ஒரு வண்டி நகர்கிற சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடினேன். வாசல் சாவி சாமியின் இடுப்பில் இருக்கிறது, சாமி மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார். கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். எழுந்து வந்தவர், ஏதாவது பிள்ளையைத் தவறவிட்டேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கே என்றார்.

திரும்பி வந்து பெட்டியை உள்பக்கம் திருப்பினேன். தோடு வைத்த இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் தோட்டை வைத்து வெளிப்பக்கம் திருப்புகிறேன். யாராவது தட்டினால், அவள் கேட்பதற்கு முன்னால் லாமாஸ் என்கிறேன். தட்டியவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள். இன்றும் திருப்பினேன். நூறு எண்ணிவிட்டு உள்ளே திருப்பினேன். இருந்தது.